அரணை விசாரணை

கோரைவெளிக்கு அரணை வரப்போகிறது என்று தமுக்கடிக்கிற ராமு சொன்னபோது ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அரணை கடித்தால் ஆள் தேறாது என்று நம்புகிற ஊர் அது. அப்பேர்ப்பட்ட ஜந்து வருவதற்கு, கொம்யூன் என்கிற ஊராட்சியின் ஆபீசான மேரியிலிருந்து தமுக்கு ஏன் என்பதுதான் அவர்களுக்கு விளங்கவில்லை. ராமுவுக்கும் விளங்கியிருக்காது. மேரியில் சொல்வதைக் காதால் வாங்கி வாயால் விடுகிறவன் அவன். நடுவில் மூளைக்குத் தொந்தரவு கொடுப்பதில்லை. அந்த ஒரு யோக்கியதைக்காகத்தான் பிரெஞ்சு சர்க்கார் அவனைப் பன்னிரண்டு வருஷமாக வைத்திருந்தது.

"இதனால சகலமானவங்களுக்கும் தெரிவிக்கிறது இன்னான்னா, நம்ம கொம்யூனுக்கு அரணை வரப்போவுது! அதுல சௌகரியமா அசௌகரியமான்னு ஜனங்களே சொல்லணுமாம்! பதினஞ்சு நாளைக்கு மேரியில புஸ்தகம் தொறந்து இருக்கும்! சொல்றவங்க சொல்லலாம்! சொல்லாதவங்க அப்பால பேசக்கூடாது!"

சுப்பராயலு அப்போது கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. ஏரிக்கரைக்குக் கீழே இரண்டு காணி நிலம், அவரும் அவர் தகப்பனாரும் சேர்ந்து வெட்டிய ஒரு கிணறு, பத்து மாதக் கரும்பு, மனைவி தையலம்மாள். இவ்வளவுதான் அவருக்கு இந்த உலகத்தில். அரணை வந்தால் வரட்டும், கிணற்றடியில் இல்லாத அரணையா என்று மடையைத் திருப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் கரும்புக்குள் நான்கு கல் நட்டிருந்தது. தலையில் சிவப்புச் சாயம் பூசிய கல். நிலமளக்கச் சங்கிலி பிடிக்கிற ஆள் ஒருவன் ஐந்தாவது கல்லைக் கிணற்றை ஒட்டி இறக்கிக்கொண்டிருந்தான்.

"யோவ், இன்னாய்யா இது?" என்றார் சுப்பராயலு.

"அரேனுக்குக் கல்லு."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. வரப்போவது அரணை இல்லை, அரேன். வட்டமாகக் கட்டி, சுற்றிலும் படிபோட்டு, நடுவில் பந்தாட்டமும் சைக்கிள் பந்தயமும் நடத்துகிற கோட்டை. நகரத்துக் கம்பெனி ஒன்று கட்டப்போகிறது. கோரைவெளி கொம்யூன் அதற்கு நிலம் கொடுக்கும், தொண்ணூற்றொன்பது வருஷத்துக்கு. கொம்யூனில் மொத்தம் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. ஒன்று கொம்யூன் தலைவரான மேர் ஏகநாதனுடையது, இன்னொன்று தபால்காரருடையது. பந்தயம் வைத்தால் யார் ஜெயிப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது, ஏனென்றால் தபால்காரருக்கு உத்தியோகம் வாங்கிக் கொடுத்தவரே மேர்தான்.

"வேணுமா வேணாமான்னு எங்களக் கேக்கப்போறதா நேத்துதான தமுக்கு போட்டாங்க? கேக்கறதுக்கு முன்னாடியே கல்லு நட்டா?"

"கேட்டு முடிச்ச பெறகு நட வேண்டிய கல்லுதான். நேரம் மிச்சமாவட்டுமேன்னு இப்பவே நட்டுடச் சொன்னாங்க" என்றான் அந்த ஆள், தன் மேலிடத்தின் சிக்கனத்தை நினைத்துப் பெருமைப்பட்டபடி.

அன்று சாயங்காலமே ஏரிக்கரையில் முப்பது வெட்டாட்கள் வந்து இறங்கினார்கள். வெளியூர் ஆட்கள். அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினார்கள். யாரோடும் சண்டைக்குப் போகவில்லை, யாருடைய கரும்பிலும் கை வைக்கவில்லை. உட்கார்ந்து கத்தி தீட்டினார்கள். விசாரணை முடிகிறவரை காத்திருக்கும்படி அவர்களுக்கு உத்தரவாம். ஒரு நாளைப்போலப் பதினைந்து நாளும் அவர்கள் கத்தி தீட்டினார்கள். அந்தச் சத்தம் தையலம்மாளைத் தூங்கவிடவில்லை. அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு அரிவாளோடு கரும்புக்கே வந்துவிட்டாள்.

"நீ போயி மேரியில சொல்லு மாமா. நான் இங்க இருக்கறன். இவனுங்க பார்வையே சரியில்ல" என்றாள்.

சுப்பராயலு மேரிக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால், உள்ளே மேசையின்மேல் ஒரு தடித்த புத்தகம் விரியத் திறந்து கிடந்தது. காற்றில் தாள் புரளாமல் இருக்க ஒரு கருங்கல் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாளும் அதே பூட்டு, அதே கல். மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்குக் கதவு திறந்திருந்தது. உள்ளே கணக்காகத் தொப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அந்தோணிசாமி. பக்கத்து ஊர்த் தச்சர் மகன். நகரத்தில் படித்து, மேரியில் குமாஸ்தாவாகவும், பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் நடுவில் நிற்கிற துபாஷாகவும் ஆகியிருந்தான். அரை டவுசரோடு திரிந்த காலத்திலிருந்து சுப்பராயலு அவனைப் பார்த்திருக்கிறார்.

"இன்னா தம்பி, ரெண்டு நாளா வர்றேன், பூட்டியே கெடக்குது. தொறந்து இருக்கும்னு தமுக்கு போட்டீங்களே?"

"புஸ்தகம் திறந்திருக்கும் என்றுதான் போட்டோம். திறந்துதானே இருந்தது? கதவைப் பற்றி சர்க்கார் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை" என்றான் அந்தோணிசாமி. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் அவனுக்கு ஊர்ப்பேச்சு வராது. "சொல்லுங்கள். உங்களுக்கு என்ன அசௌகரியம்?"

"நெலம் போவுதுப்பா."

"போய்விட்டதா?"

"இன்னும் போவல."

"அப்படியானால் இன்னும் ஏற்படாத அசௌகரியம். ஏற்படாததை எப்படிப் பதிவது? ஏற்பட்ட பிறகு வாருங்கள்."

"அப்ப புஸ்தகம் தொறந்து இருக்குமா?"

"அப்போது மூடிவிடுவோம். ஏற்பட்டுவிட்டபிறகு விசாரணை எதற்கு?"

சுப்பராயலு தலையைச் சொறிந்தார். தப்பு தன் பக்கம்தானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த அறைக்குள் போகிற எவருக்கும் அப்படித் தோன்றும். சுவர்களை அந்த மாதிரிதான் கட்டியிருந்தார்கள்.

"நெலத்துக்குப் பதிலா இன்னா குடுப்பாங்களாம்?"

"நல்லவாட்டுப் பக்கம் கடலோரமாக இரண்டு காணி."

"அது வெறும் மணலாச்சே! அதுல கரும்பு வருமா?"

"உப்புக்காற்றில் கரும்புக்கு ருசி கூடும் என்று மேர் அபிப்பிராயப்படுகிறார்." அந்தோணிசாமி பேனாவை மையில் தோய்த்தான். ஏதோ பழைய பழக்கத்தில் குரலைத் தணித்துக்கொண்டான். "பாருங்க பெரியப்பா, உங்களுக்காக எழுதிக்கிறேன். ஆனா கட்டம் நாலு வெரலு அகலந்தான். ஒரே வார்த்தையில சொல்லணும். நீங்க சொல்றத அப்படியே, ஒரு எழுத்து கூட்டாம கொறைக்காம, பிரெஞ்சு எழுத்துல எழுதணும்ங்கறது சட்டம்."

ஒரே வார்த்தை. சுப்பராயலு அதிகம் யோசிக்கவில்லை.

"வேணாம்பா" என்றார்.

அந்தோணிசாமி அப்படியே எழுதினான். ரொம்பச் சிரத்தையாக, சுழி சுழியாக எழுதினான். சுப்பராயலுவின் கட்டைவிரலை மையில் அழுத்தி அதன் பக்கத்தில் உருட்டினான்.

வெளியே வந்த சுப்பராயலுவுக்கு ஒரு தெம்பு வந்திருந்தது. வீடு வீடாகப் போனார். அரேனுக்குப் பாதை வரும், உன் களம் போகும். தண்ணீர்த் தொட்டி வரும், உன் வாய்க்கால் போகும் என்று ஒவ்வொருவரிடமும் எடுத்துச் சொன்னார். ஜனங்கள் வந்தார்கள். மடுகரைச் சந்தைக்குப் போகிறவர்கள்கூட வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார்கள். தச்சர் மகன்தானே, நம்ம பிள்ளைதானே என்று பெரியவர்கள் எல்லோரும் உரிமையோடு "வேணாம்பா" என்றார்கள். கூலிக்குப் போகிறவர்கள் தொப்பியைப் பார்த்துப் பயந்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வேணாஞ்சாமி" என்றார்கள். எல்லாவற்றையும் அந்தோணிசாமி ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் எழுதிக்கொண்டான். தையலம்மாளும் ஒரு நாள் போனாள். பெண்பிள்ளைக்கு ஓட்டு இல்லை, ஓட்டு இல்லாதவருக்கு அசௌகரியமும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டான். கடைசி நாள் எண்ணிப் பார்த்ததில் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டைவிரல்கள் விழுந்திருந்தன. புத்தகத்தை அரக்கு வைத்து மூடி, நகரத்து மொழிபெயர்ப்பு அறைக்கு அனுப்பினார்கள்.

"இருநூத்துப் பன்னெண்டு பேரு வேணாம்னு சொன்ன பெறகு எவன் கட்டுவான்?" என்றார் சுப்பராயலு, வரப்பில் உட்கார்ந்து கூழ் குடித்தபடி.

தையலம்மாள் கரையைக் காட்டினாள். "அவனுங்க இன்னும் கத்தி தீட்டிக்கினுதான இருக்கறானுங்க" என்றாள்.

பகிரங்க விசாரணை நாள் வந்தது. மேரிக்கு முன்னால் கீற்றுப்பந்தல். மேடையில் மூன்று நாற்காலி. நகரத்திலிருந்து விசாரணை நடத்துகிற அதிகாரி, கொமிசேர் முசே கொர்பேன் வந்திருந்தார். இந்தியாவுக்கு வந்து இருபது வருஷமான வெள்ளைக்காரர், சாதுவான முகம், வியர்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு வலப்பக்கம் மேர் ஏகநாதன், இடப்பக்கம் அந்தோணிசாமி. பந்தலின் நான்கு மூலையிலும் நான்கு சிப்பாய்கள் நின்றார்கள். காவலுக்கு நிற்கிறவர்கள் வெளியே பார்த்து நிற்பதுதான் வழக்கம். இவர்கள் உள்ளே பார்த்து நின்றார்கள். பந்தலுக்கு வெளியே வெட்டாட்களின் மேஸ்திரி, கழுத்தில் விசிலைக் கட்டிக்கொண்டு, வெறுமனே நின்றுகொண்டிருந்தான்.

தையலம்மாள் வரவில்லை. கரும்பை விட்டு நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பந்தலுக்கும் கரும்புக்கும் நடுவில் ஒரு கூப்பிடு தூரம்தான்.

முதலில் மேர் ஏகநாதன் எழுந்தார். பஜாரில் மூன்று கடை உள்ளவர். குரலும் கடை வைத்த குரல்.

"மகாஜனங்களே! உங்கள் அபிப்பிராயம் இல்லாமல் இந்தக் கொம்யூனில் ஒரு செங்கல்கூட அசையாது. அதனால்தான் செங்கற்களை முன்கூட்டியே கொண்டுவந்து இறக்கிவைத்து, உங்கள் அபிப்பிராயத்துக்காகக் காத்திருக்கிறோம். எங்களைப்போல இவ்வளவு பொறுமையாகக் காத்திருந்த சர்க்கார் உண்டா? கேட்காமல் நிலத்தை எடுத்தால் அது கொள்ளை. கேட்டுவிட்டு எடுத்தால் அதற்குப் பெயர் குடியரசு! கம்பெனியாரோடு நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது சென்ற சித்திரையில். அன்று முதல் இன்றுவரை, இந்த ஜனங்கள் என்ன சொல்வார்களோ என்று ஒரு நாளாவது நான் கவலைப்பட்டிருக்கிறேனா? இல்லை! ஏன்? உங்கள்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை! இதோ, இந்தப் பந்தலில் நானூறு பேர் கூடியிருக்கிறீர்கள். வேடிக்கை பார்க்க ஓர் இடமில்லாமல் இந்த ஊர் எவ்வளவு தவிக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?"

கொமிசேர் "நானூறு பார்வையாளர்கள்" என்று குறித்துக்கொண்டார்.

பிறகு அந்தோணிசாமி நகரத்திலிருந்து திரும்பி வந்த காகிதத்தை வாசித்தான். முதலில் பிரெஞ்சில் வாசித்தான், பிறகு தமிழில். "மொத்த அபிப்பிராயங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் இருபத்தைந்து அபிப்பிராயங்களில் 'சாமி' என்ற சொல் காணப்படுகிறது. தெய்வத்தையும் சர்க்காரையும் கலப்பது பிரான்சு தேசத்துக் கொள்கைக்கு விரோதமானபடியால் அவை தள்ளுபடி. மீதி நூற்று எண்பத்தேழு பேரும் ஏகமனதாக..." இங்கே அவன் காகிதத்தை ஒரு தரம் கண்ணருகே கொண்டுபோனான். "ஏகமனதாக அரேன் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஆட்சேபணை, எதுவுமில்லை."

சுப்பராயலு துள்ளி எழுந்தார்.

"யேய் அந்தோணி! நான் இன்னாடா சொன்னேன்? வேணாம்பான்னுதான சொன்னேன்? நீ மாத்தி எழுதிட்டியா?"

"இல்லை. ஒரு எழுத்து மாற்றவில்லை" என்றான் அந்தோணிசாமி. அவன் உள்ளதைத்தான் சொன்னான். "நீங்கள் சொன்னபடியேதான் எழுதினேன். மொழிபெயர்ப்பு அறையில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். 'வேணாம்' என்றால் இல்லை என்று பொருள். அதன் பின்னால் நீங்கள் எல்லோரும் 'பா' என்று சொல்லியிருக்கிறீர்கள். பிரெஞ்சில் 'பா' என்றாலும் இல்லை என்றுதான் பொருள். ஒரு இல்லையோடு இன்னொரு இல்லையைச் சேர்த்தால் உண்டு என்று ஆகிறது. வேண்டாம் என்பது இல்லை. அதாவது, வேண்டும்."

"அது மரியாதைக்குச் சொல்றதுடா! பெத்த புள்ளயக் கூப்புடற மாதிரி!"

"மரியாதைக்குப் புத்தகத்தில் கட்டம் இல்லை" என்றான் அந்தோணிசாமி, ரொம்ப மெதுவாக.

மேர் ஏகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம் விவசாயிகளுக்கு இவ்வளவு பிரெஞ்சு தெரியும் என்று தனக்கே இன்றுதான் தெரிந்தது என்று கொமிசேரிடம் சொன்னார். கொமிசேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சட்டப்படி, மூடுவதற்கு முன்னால் ஜனங்களிடம் வாய்மொழியாக ஒரு தரம் கேட்க வேண்டும். ஐந்து நிமிஷம் அவகாசம் கொடுத்தார்.

சுப்பராயலு அந்த ஐந்து நிமிஷத்தில் யோசித்தமாதிரி தம் ஆயுளில் யோசித்ததில்லை. இரண்டு காணி கண்முன்னால் வந்து நின்றது. கிணறு வந்து நின்றது. அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. வேணாம் என்பதோடு 'பா' சேர்ந்தால் வேணும் என்று ஆகிறதல்லவா? அப்படியானால் வேணும் என்பதோடு 'பா' சேர்ந்தால்? அவர்கள் போட்ட கணக்கு, அவர்களே எழுதிய விளக்கம். அதிலிருந்து அவர்கள் எப்படித் தப்புவார்கள்? அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பக்கத்திலிருந்த தணிகைவேலின் காதில் சொன்னார். தணிகைவேல் ஒரு தரம் புரியாமல் விழித்து, புரிந்ததும் தொடையில் தட்டி, அடுத்தவர் காதில் சொன்னார். வரிசை வரிசையாக அது பின்னால் போயிற்று. "வேணும்பான்னு கத்தணும். 'பா'வ நல்லா அழுத்திக் கத்தணும். அப்பதான் வேணாம்னு ஆவும்." நானூறு தலையும் ஆடியது. பிரெஞ்சு சர்க்காரையே மடக்கிவிட்ட மகிழ்ச்சி ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக அந்த ஊர் ஒன்றுகூடி நின்று யாரும் பார்த்ததில்லை.

கொமிசேர் தலையை அசைத்தார். அந்தோணிசாமி எழுந்து கேட்டான்: "கோரைவெளி ஜனங்களே, உங்களுக்கு அரேன் வேண்டுமா, வேண்டாமா?"

சுப்பராயலு துண்டைத் தலைக்குமேல் சுழற்றினார். "வேணும்பா!" என்றார், அடிவயிற்றிலிருந்து.

"வேணும்பா!" என்றது பந்தல். ஏரிக்கரைப் புளியமரத்துக் கொக்குகள் எழுந்து பறந்தன. "வேணும்பா!" என்று இரண்டாம் தரமும் எழுந்தது.

அந்தோணிசாமிக்குப் புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொமிசேர் பக்கம் திரும்பி, விளக்கத்தாளில் உள்ள விதிப்படியே, நெஞ்சை நிமிர்த்தி மொழிபெயர்த்தான்: "இவர்கள் வேண்டாம் என்கிறார்கள், முசே."

முசே கொர்பேன் புன்னகையோடு கையைத் தூக்கினார். "இல்லை, இல்லை. இதற்குத் துபாஷ் அவசியமில்லை" என்றார். இருபது வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட தமிழ் வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அதைக் கற்றுக் கொடுத்தவள் அவர் வீட்டுக் குசினிக்காரி வள்ளியம்மாள். தினமும் காலையில் எதிரே வந்து நின்று உப்பு வேணும், எண்ணெய் வேணும், விறகு வேணும் என்பாள். அவரும் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தார். "வேணும்!" என்று அந்த வார்த்தையை அவரே ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். உச்சரிப்பு நன்றாகவே இருந்தது. "என் காதால் கேட்டேன். நானூறு பேர். ஒரே குரல். இப்படி ஒரு விசாரணையை நான் நடத்தியதே இல்லை." பேனாவை அந்தோணிசாமியின் கையிலிருந்து வாங்கி, அவரே தம் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"முசே, விளக்கத்தின்படி அந்தப் 'பா'..." என்று ஆரம்பித்தான் அந்தோணிசாமி.

"அது மரியாதைக்குச் சொல்வது" என்றார் மேர் ஏகநாதன்.

பந்தலுக்கு வெளியே விசில் ஊதியது.

சுப்பராயலு ஓடினார். சிப்பாய் ஒருவன் விலகி வழிவிட்டான். இனி அவரைத் தடுக்க அவர்களுக்கு உத்தரவு இல்லை. ஒரு கூப்பிடு தூரத்தை ஓடி முடிப்பதற்குள் மூச்சு முட்டிவிட்டது. கரை ஏறிப் பார்த்தார். முப்பது பேரும் வரிசை பிடித்து இறங்கியிருந்தார்கள். இத்தனை நாள் தீட்டிய கத்தி ஆயிற்றே, கரும்பு சத்தமில்லாமல் சாய்ந்துகொண்டிருந்தது. நான்கு சால் முடிந்து ஐந்தாவது சாலில் இருந்தார்கள். கிணற்றுமேட்டை இரண்டு பேர் கடப்பாரையால் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

தையலம்மாள் வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"தையலு! நீ இன்னாடி பாத்துக்கினு உக்காந்துருக்கற?"

"நான் அருவாளத் தூக்கிக்கினு குறுக்கதான் நின்னேன்" என்றாள். "இத்தினி நாளா நின்னேன். இப்பக்கூட ஒருத்தன் கிட்ட வந்தான், வெட்டிப்புடுவேன்னு சொன்னேன். அவன் பயந்துட்டான். 'கொஞ்சம் இரும்மா, ஊர்க்காரங்க இன்னா சொல்றாங்கன்னு கேப்போம், வேணாம்னு சொன்னா நாங்க இப்படியே போயிடறோம்'னான். சரின்னு கேட்டுக்கினு நின்னேன்."

"அது இல்ல தையலு, அந்தப் 'பா' இருக்குது பாரு... பிரெஞ்சுல அதுக்கு..."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிரெஞ்சில் அதற்கு என்ன என்று அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். சுப்பராயலு வாயைத் திறந்தார். அவருக்கே அது இப்போது புரியவில்லை. பின்னால் ஐந்தாவது சால் முடிந்து ஆறாவது ஆரம்பித்தது.

"அவ்ளோ பேரு கத்துனதுல உன் கொரலு மட்டும் எனக்குத் தனியா தெரிஞ்சுது மாமா. நீதான் மொதல்ல வேணும்னு சொன்ன" என்றாள் தையலம்மாள். "அத்தக் கேட்ட பெறகுதான் நான் அருவாளக் கீழ வெச்சேன்."